கொசுறாக வந்த பாட்டில்

சீட்டு எடுத்த பணம் 52,000 ரூபாய். வளையல் எடுக்க வைத்திருந்தேன். அதை அப்படியே கொண்டுபோய் மூன்று பழைய பாட்டிலுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்: பிரான்சின் போர்தோ வட்டாரத்துச் சிவப்பு ஒயின் இரண்டு, ஒரு ஷாம்பெயின். நான்காவதாக ஒன்றைத் தரகர் கொசுறாகப் போட்டுக் கொடுத்தார். என் கணவரிடம் இன்றுவரை சொல்லியிருக்கும் கணக்கு 15,000. அதற்கே அவர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. யாராவது ஒருவர் முன்னாடியே உட்காரவைத்து நாலு விஷயம் சொல்லியிருந்தால் இந்தப் பணம் போயிருக்காது. புதுச்சேரியில் ஒயின் கடைக்குப் பஞ்சமில்லை. பழைய ஒயினைப் பற்றித் தெரிந்து பேச ஆள்தான் எனக்குக் கிடைக்கவில்லை. கேட்கவும் கூச்சம். ஒரு பொம்பளை கடை வாசலில் நின்று "நாப்பது வருஷத்து பாட்டில் கெட்டிருக்கா இல்லையான்னு எப்படிப் பாக்கறது" என்று கேட்டால் எப்படிப் பார்ப்பார்கள் என்று தெரியும். அதனால் எல்லாவற்றையும் தனியாகவே செய்தேன், தனியாகவே கெடுத்துக்கொண்டேன்.

அப்பா சொல்தா. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காக: 1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை விடாமல் வைத்துக்கொண்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அப்பா பதினெட்டு வயதில் பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போனார். பென்ஷனோடு குருசுக்குப்பத்து வீட்டுக்குத் திரும்பினார். ஞாயிற்றுக்கிழமை கறிச்சோற்றோடு ஒரு டம்ளர் சிவப்பு ஒயின் குடிப்பார். பக்கத்து வீட்டில் மோர் குடிப்பது போலத்தான் எங்கள் வீட்டில் அது. 1982-ல் நான் பிறந்த சேதி தந்தியில் போய்ச் சேர்ந்த அன்று, கூட இருந்த சிப்பாய்கள் காசு போட்டு ஒரு நல்ல போர்தோ வாங்கி ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தார்களாம். இந்தக் கதையை நான் நூறு தடவையாவது கேட்டிருப்பேன். போன வருஷம் அப்பாவுக்கு எழுபத்தைந்து முடிந்தது. 1982-ம் வருஷத்துப் பாட்டில் ஒன்றை அவர் கையில் கொடுக்க வேண்டும் என்று ஒரு ஆசை. நஷ்டத்துக்கு அஸ்திவாரம் அங்கேயே போட்டாயிற்று.

பழைய ஒயின் மேல் எனக்குப் பைத்தியம் பிடித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2019 டிசம்பரில் பாரிசுக்கு வடக்கே சார்செல்லில் இருக்கும் அத்தை மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். அடுக்குமாடிக் கட்டடம், தரைக்குக் கீழே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சின்ன நிலவறை. அத்தான் அங்கிருந்து, திராட்சை விளைந்த வருஷம் 1996 என்று அச்சிட்ட ஷாம்பெயின் ஒன்றை எடுத்து வந்தார். பாட்டில் மேல் மண்ணெண்ணெய் விளக்குக் கண்ணாடியில் படிவது போலக் கறுப்பாக ஒரு படலம். நான் நீளக் குழல் மாதிரி கிளாசைத் தேடினேன். "அது வேணாம், இதுக்கு மூக்கு உள்ள போகணும்" என்று வயிறு அகன்ற ஒயின் கிளாசிலேயே ஊற்றினார். நுரை பொங்கவில்லை. ஊசி முனை அளவுக் குமிழிகள் ஒரே வரிசையாக, அவசரமே இல்லாமல் மேலே வந்துகொண்டிருந்தன. நிறம், பாட்டி போட்டிருந்த தோட்டின் மங்கிய தங்கம். முதலில் மூக்குக்கு வந்தது நெய்யில் வாட்டிய ரொட்டி. அடுத்து வறுத்த முந்திரி, தேன், மழைக்கு அப்புறம் வைக்கோல் போரில் முளைக்கும் காளான். வாயில் வைத்தால் எலுமிச்சைப் புளிப்பு பளிச்சென்று நிமிர்ந்து நிற்கிறது. இருபத்து மூன்று வருஷத்துப் பண்டம் இவ்வளவு உயிரோடு இருக்குமா என்று நான் இரண்டாவது கிளாசை அரை மணி நேரம் வைத்துக் குடித்தேன். குளிர் குறையக் குறைய அது வேறு வேறாக மாறியது. பழைய ஷாம்பெயினை ஐஸ் போல ஜில்லென்று குடிக்கக் கூடாது, 10 அல்லது 12 டிகிரியில்தான் அதன் வாசனை திறக்கும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த ரொட்டி வாசனை எங்கிருந்து வருகிறது என்பதையும் அத்தான் சொன்னார். ஷாம்பெயின் பாட்டிலுக்குள்ளேயே இரண்டாவது முறை புளிக்கிறது. அந்த ஈஸ்ட் செத்து அடியில் கிடக்க, அதன்மேலேயே ஒயின் கிடந்து ஊறும். வருஷம் போடாத சாதாரண ஷாம்பெயின் குறைந்தது 15 மாதமும், வருஷம் அச்சிட்டது குறைந்தது மூன்று வருஷமும் கம்பெனியின் நிலவறையில் பாட்டிலுக்குள் கிடக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அப்புறம் ஈஸ்ட் கசடை வெளியேற்றி, வேறு கார்க் போட்டு அனுப்புவார்கள். வருஷம் போடாதது, வாங்கிய இரண்டு மூன்று வருஷத்துக்குள் குடிப்பதற்கென்றே செய்தது. இதையெல்லாம் கேட்டுத் தலையாட்டிவிட்டு ஊர் வந்தேன். மனதில் நின்றது ஒன்றே ஒன்று: பழசு என்றால் நல்லது. அத்தான் வீட்டு நிலவறையில் டிசம்பர் மாதம் சால்வை போர்த்திக்கொண்டு நின்றது என் நினைவுக்கே வரவில்லை.

2025 பிப்ரவரியில் பழைய மரச்சாமான் வாங்கி விற்கும் தரகர் ஒருவர், மிஷன் வீதிக்கு மேற்கே ஒரு வீட்டைக் காலி செய்கிறார்கள், மாடி பீரோவில் பிரெஞ்சு பாட்டில்கள் இருக்கின்றன என்றார். போய்ப் பார்த்தேன். மெட்ராஸ் டெரஸ் போட்ட மாடி அறை, மேற்குப் பக்கம் ஜன்னல், தேக்கு பீரோ. பாட்டில்கள் நின்றவாக்கில் இருந்தன. ஒரு போர்தோவில் 1982. "உங்க வருஷமே கிடைச்சிருக்கு பாருங்க" என்றார் தரகர். என் வயசை நானேதான் வாயை விட்டிருந்தேன். ஷாம்பெயின் மேல் வருஷமே இல்லை. "அது இன்னும் பழசு, அதனாலதான் போடல" என்றார். இதை நம்பினேன் என்று எழுதக் கை கூசுகிறது. வருஷம் போடாத ஷாம்பெயின் என்றால் என்ன என்று எனக்குத்தான் ஒருவர் கிளாசும் கையுமாகச் சொல்லிக் கொடுத்திருந்தாரே.

இரண்டு நாள் யோசித்தேன். யோசித்தேன் என்ன, எனக்குச் சாதகமாக எதையாவது தேடிப் படித்தேன். 2010-ல் பால்டிக் கடலில், பின்லாந்தைச் சேர்ந்த ஓலான்ட் தீவுகளுக்குப் பக்கத்தில், மூழ்கிய கப்பல் ஒன்றில் 168 ஷாம்பெயின் பாட்டில்கள் கிடைத்த கதை கண்ணில் பட்டது. சுமார் 170 வருஷம் கடலடியில் கிடந்தவை. திறந்து ருசி பார்த்தார்கள். முதலில் ஈர முடி, பாலாடைக்கட்டி நாற்றம் அடித்ததாம். கிளாசைச் சுழற்றிக் காற்றாடவிட்டபோது பூவும் புகையுமாக வாசனை வந்ததாம். அதில் வவ் கிளிக்கோ என்ற கம்பெனியின் பாட்டில் ஒன்று 2011-ல் 30,000 யூரோவுக்கு ஏலம் போனது. சரி, 170 வருஷம் தாங்கும்போது நாற்பது வருஷம் தாங்காதா என்று அடுத்த நாளே பணத்தோடு போய்விட்டேன். அதே கட்டுரையில் அந்தக் கப்பல் கிடந்த இடம் சுமார் 50 மீட்டர் ஆழம், இருட்டு, தண்ணீரின் வெப்பம் 2 முதல் 4 டிகிரி என்றும் எழுதியிருந்தது. படித்தேன்தான். ஆனால் அதுதான் விஷயமே என்று உறைக்கவில்லை. போதாக்குறைக்கு அந்தக் காலத்து ஷாம்பெயினில் லிட்டருக்கு 150 கிராம் அளவுக்குச் சர்க்கரை, பாகு மாதிரி. இன்றைய ப்ரூட் என்ற இனிப்புக் குறைந்த வகையில் 12 கிராமுக்கும் குறைவு.

ஒயினை வருஷக்கணக்கில் வைக்க 12, 13 டிகிரி வேண்டும். அதிகம் ஏறி இறங்கக் கூடாது. வெளிச்சம் ஆகாது, கண்ணாடி வெள்ளையாக இருந்தால் இன்னும் மோசம். கார்க் காயாமல் இருக்கப் படுக்கவைக்க வேண்டும், காற்றில் ஈரமும் வேண்டும். நம் ஊரில் ஈரத்துக்குக் குறைவில்லை. மற்றது எதுவும் இல்லை. பத்து டிகிரி கூடினால் உள்ளே நடக்கும் வேதி மாற்றம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேகமாகும் என்று ஒரு குத்துமதிப்புக் கணக்கு உண்டு. மேற்கு ஜன்னல் மாடி அறையில் மே மாதம் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அந்தக் கணக்குகூடத் தேவையில்லை. அது முதிர்வது அல்ல, வேகுவது. அந்த பாட்டில்கள் நாற்பது கத்திரி பார்த்தவை. நான் கேட்க வேண்டியிருந்த முதல் கேள்வி "எந்த வருஷம்" என்பது அல்ல, "எங்கே கிடந்தது" என்பது. பதில் என் தலைக்கு மேலேயே தகதகவென்று காய்ந்துகொண்டிருந்தது.

கையில் ஒரு டார்ச் இருந்திருந்தால்கூடப் போதும். பாட்டிலுக்குப் பின்னால் வெளிச்சம் பிடித்து மட்டத்தைப் பார்த்திருக்கலாம். போர்தோ பாட்டிலுக்குக் கழுத்து, தோள் என்று அமைப்பு இருக்கிறதல்லவா, நாற்பது வயது ஒயின் தோளின் மேல்பக்கம் வரை இறங்கியிருந்தால் சகஜம். தோளின் பாதிக்குக் கீழே போயிருந்தால் அவ்வளவு காற்று உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். என்னுடைய 1982 தோளின் பாதிக்கும் கீழே இருந்தது. "ஆவியாகி நல்லா சுண்டியிருக்கு" என்றார் தரகர், பாயசத்தைச் சொல்வது போல. அடுத்து மூடியின் தலை. உலோக உறைக்கு அடியில் கார்க் புடைத்துக்கொண்டு வந்திருந்தால், கழுத்தில் பிசுபிசுவென்று ஒழுகிக் காய்ந்த கோடு இருந்தால், சூட்டில் ஒயின் விரிந்து கார்க்கைத் தள்ளியிருக்கிறது. இரண்டாவது போர்தோவில் அந்தக் கோடு இருந்தது; பழமையின் அடையாளம் என்று தடவிப் பார்த்து ரசித்தேன். நிறமும் பார்க்க வேண்டும். சிவப்பு ஒயின் வயதானால் ஓரத்தில் செங்கல் நிறம் வருவது அழகு. முழுக்க டீ டிகாக்ஷன் ஆகியிருந்தால் ஆசையை விட்டுவிட வேண்டியதுதான். ஷாம்பெயின் தங்கமாகலாம், கஷாயமாகக் கூடாது.

1982 போர்தோவில் பேர்போன வருஷம் என்பது உண்மை. ஆனால் பேர்போன வருஷத்தில் செய்த எல்லா ஒயினும் நாற்பது வருஷம் தாங்குவதற்குச் செய்ததல்ல. உலகத்தில் விற்கும் ஒயினில் மிகப் பெரும்பாலானது சில வருஷத்துக்குள் குடித்துவிட வேண்டியது. பேர்போனதை வைத்துப் போலி செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ரூடி குர்னியவான் என்பவர் கலிபோர்னியாவில் தன் வீட்டிலேயே ஒயின்களைக் கலந்து, பழைய லேபிள் ஒட்டி, பெரும் பணக்காரர்களிடம் விற்று, 2013-ல் நியூயார்க் நீதிமன்றத்தில் குற்றவாளியாகி, பத்து வருஷம் தண்டனை வாங்கினார். என் பாட்டில் போலி இல்லை என்றே நினைக்கிறேன். அவ்வளவு மோசமாக ஒரு போலியைச் செய்ய முடியாது. இன்னொன்று, லைசென்ஸ் இல்லாத ஒரு வீட்டிலிருந்து மது விலைக்கு வாங்குவது சட்டப்படி தப்பு. ரசீது கிடையாது, போய்ச் சண்டை போடவும் முடியாது. அந்தப் பக்கம் நான் யோசிக்கவே இல்லை.

வாங்கி வந்த பிறகு செய்தது அதைவிடக் கேவலம். பிறந்தநாள் ஜூனில். நாலு மாதம் லாஸ்பேட்டை வீட்டில் சமையலறை லாஃப்டில், பித்தளைப் பாத்திரங்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். கீழே அடுப்பு. அக்கினி நட்சத்திரம் முழுக்க அங்கேதான். நம் ஊர் வீடுகளில் ஒயினுக்கு ஃப்ரிட்ஜ் சிறந்த இடம் இல்லை, அது 4, 5 டிகிரியில் காற்றை உலர்த்தும் என்பதெல்லாம் சரி. ஆனால் சில மாதங்களுக்கு லாஃப்டைவிட ஃப்ரிட்ஜ் ஆயிரம் மடங்கு மேல். காய்கறித் தட்டில் துணி சுற்றிப் படுக்க வைத்தால் போதும்.

விருந்து முதலில் கடலூரில் தம்பி வீட்டில் என்று முடிவாகியிருந்தது. மஞ்சக்குப்பத்தில் மாடி ஹால் பெரியது. கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போதுதான் தம்பி, "அக்கா, செக்போஸ்ட்ல பையைத் தொறந்தா என்ன சொல்லுவ?" என்றான். புதுச்சேரியிலிருந்து தமிழ்நாட்டுக்குள் பாட்டில் கொண்டுபோவது மதுவிலக்கு வழக்கு என்பது இங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும். ஆனால் ஒயினும் பாட்டில்தான் என்று எனக்குத் தோன்றவில்லை. போலீஸ்காரருக்கு 1982-ம் ஒன்றுதான், நேற்று வாங்கிய குவார்ட்டரும் ஒன்றுதான். எல்லோரையும் குருசுக்குப்பத்துக்கு வரச்சொல்லி மாற்றினோம்.

விருந்துக்கு முந்தின நாள் ராத்திரி, எல்லோரும் தூங்கிய பிறகு, சந்தேகம் தாங்காமல் ஒன்றைத் திறந்து பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். பழைய சிவப்பு ஒயினில் வண்டல் இருக்கும்; ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் நிமிர்த்தி வைத்து, அசைக்காமல் திறந்து, கழுத்துக்குப் பின்னால் வெளிச்சம் வைத்து மெல்லச் சாய்த்து வேறு பாத்திரத்தில் ஊற்ற வேண்டும். கழுத்தில் கறுப்புத் தூள் வர ஆரம்பித்ததும் நிறுத்திவிட வேண்டும். நானோ லாஃப்டிலிருந்து அப்போதுதான் தலைகீழாக இறக்கியிருந்தேன். கார்க் ஸ்குருவைச் செலுத்தினால், நசுங்கிய ரஸ்க் மாதிரி உள்ளே பொடிந்தது. நின்றவாக்கில் காய்ந்த கார்க். இதற்கென்றே இரண்டு தகடு உள்ள திருகில்லாத கருவி ஒன்று இருக்கிறது, கார்க்குக்கும் கண்ணாடிக்கும் நடுவே இரண்டு பக்கமும் இறக்கி, முறுக்கித் தூக்க வேண்டும். 1,900 ரூபாய்க்கு வாங்கினேன், எல்லாம் முடிந்த அடுத்த மாதம். அன்றைக்கு மிச்ச கார்க்கைக் கரண்டிக் காம்பால் உள்ளே தள்ளி, டீ வடிகட்டியில் வடித்தேன்.

வாசனை வந்ததுமே தெரிந்துவிட்டது. உலர்திராட்சையைக் கருகவிட்ட வாடை, அதற்கு மேல் நகப்பூச்சு, அதற்கும் மேல் காடி. வாயில் ஒரு சொட்டு வைத்துத் துப்பினேன். சில பழைய ஒயின்கள் முதலில் மூடிக்கொண்டு இருக்கும், கொஞ்ச நேரத்தில் திறக்கும் என்று படித்திருந்ததால் இருபது நிமிஷம் காத்திருந்தேன். காடிதான் திறந்தது. இரண்டாவது போர்தோவில் காடி இல்லை. ஆனால் எதுவுமே இல்லை. கழுவிய புளித்தண்ணீர் மாதிரி ஒரு பழுப்பு நீர். இது தவிர இன்னொரு விதமான கேடும் உண்டு: நனைந்த அட்டைப்பெட்டி, பூசணம் பூத்த துணி மாதிரி நாறும். அது கார்க்கிலிருந்து வரும் நோய், நல்ல நிலவறையில் வைத்த பாட்டிலுக்கும் வரலாம், யார் மேலும் குற்றம் இல்லை. எனக்கு வாய்த்தது அது அல்ல. கெட்ட ஒயின் பொதுவாக விஷமும் அல்ல. ஆல்கஹாலும் புளிப்பும் இருப்பதால் நோய்க்கிருமிகள் அதில் தாங்காது. ஆகவே பயப்பட வேண்டாம், அழுதால் போதும்.

அழுதேன்தான். ராத்திரி ஒரு மணிக்கு, சிங்க்கில் வளையல் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு. அந்த ஆத்திரத்திலேயே ஷாம்பெயினையும் எடுத்தேன். நல்ல ஷாம்பெயின் பாட்டிலுக்குள் ஐந்து ஆறு வளிமண்டல அழுத்தம் இருக்கும், கார் டயரைப் போல இரண்டு மூன்று மடங்கு. கம்பிக் கூண்டை ஆறு அரைச்சுற்று திருகித் தளர்த்தி, கார்க்கின் மேல் கட்டைவிரலை எடுக்காமல், பாட்டிலைச் சாய்த்துப் பிடித்து, கார்க்கைத் திருகாமல் பாட்டிலைத் திருக வேண்டும். யார் முகத்துக்கும் நேரே பிடிக்கக் கூடாது. எல்லாம் முறைப்படி செய்தேன். கம்பியைத் தளர்த்தியதும் கார்க் கையோடு வந்துவிட்டது. சத்தமே இல்லை. சின்ன விசும்பல்கூட இல்லை. கஷாய நிறத்தில், குமிழி இல்லாமல், வெட்டி வைத்து மறந்த ஆப்பிள் வாசனையோடு ஒரு திரவம். கொஞ்சம் குமிழி குறைவது பழைய ஷாம்பெயினுக்கு இயல்பு, அதற்காகக் கொட்டிவிடக் கூடாது. ஆனால் குமிழியும் போய், புளிப்பும் போய்விட்டால் அதில் மிச்சம் ஒன்றும் இல்லை.

மறுநாள் காலை அப்பாவிடம் போய் உண்மையைச் சொன்னேன். விலையைப் பாதியாகக் குறைத்து. அப்பா கத்தவில்லை. காலி பாட்டில்களை வாங்கி ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். "எங்க வெச்சிருந்தாங்க?" என்றார். மாடி பீரோ என்றேன். "அப்ப சரி" என்று சிரித்தார். நாற்பத்து மூன்று வருஷக் கதையில் நடுநாயகமான ஒயின் அவருக்கு இரண்டு சொல்லில் முடிந்துபோனது. பிறகு என் பையைப் பார்த்து, "அது என்ன?" என்றார். கொசுறு. தோள் இல்லாத குட்டை பாட்டில், லேபிள் பாதி கரையான் தின்றது. நான் அதைத் திறக்கவே இல்லை, திறக்க மனசில்லை. அப்பா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்: பான்யுல்ஸ்.

"பாப்பா, இது வெயிலுக்குப் பொறந்தது" என்றார். பட்டாளத்தில் ஒருமுறை பயிற்சிக்காகக் கொலியூர் என்ற கடலோர ஊருக்கு அனுப்பியிருந்தார்களாம். பிரான்சின் தெற்குக் கோடி, ஸ்பெயின் எல்லைக்குப் பக்கம். அந்தப் பக்கத்து மலைச்சரிவுகளில்தான் பான்யுல்ஸ் விளைகிறது. ஒயின் புளித்துக்கொண்டிருக்கும்போதே சாராயம் சேர்த்து நிறுத்திவிடுவார்கள். திராட்சையின் சர்க்கரை அப்படியே நிற்கும், ஆல்கஹால் 15 விழுக்காட்டுக்கு மேல். அதில் சில வகையை, ஊறுகாய் ஜாடியை மொட்டைமாடியில் வைப்பது போல, பெரிய கண்ணாடிக் குடுவைகளில் ஊற்றி வெட்டவெளியில் வெயிலிலும் குளிரிலும் காயவிடுகிறார்கள். அப்பா அந்தக் குடுவைகளை வரிசையாகப் பார்த்திருக்கிறார். மற்ற ஒயினுக்கு எமனான சூடும் காற்றும்தான் இதற்குப் பக்குவம். மதேரா என்ற இன்னொரு ஒயினும் இப்படித்தான். அந்தக் காலத்தில் கப்பலில் பீப்பாயோடு வெப்பக் கடல்களைக் கடந்து இந்தியா வரை வந்து திரும்பியது அதிக ருசி என்று கண்டுபிடித்து, பிற்பாடு கப்பல் இல்லாமல் வேண்டுமென்றே சூடேற்ற ஆரம்பித்தார்கள். நம் ஊர் பீரோவில் வைக்க லாயக்கான பழைய ஒயின் என்றால் இந்த ஜாதிதான்.

அப்பா தன் பழைய கத்தியில் இருக்கும் திருகாணியால் நிதானமாகத் திறந்தார். கார்க் முக்கால்வாசி முழுசாக வந்தது. கருப்பட்டிக் காப்பி நிறம். அமிர்தம் என்று சொல்லமாட்டேன். லேசாகக் களைத்துத்தான் இருந்தது. ஆனாலும் உலர்ந்த அத்தி, பேரீச்சை, காப்பிக்கொட்டை, நார்த்தங்காய்த் தோல், எல்லாம் அடுத்தடுத்து வந்துகொண்டே இருந்தது, விழுங்கிய பிறகும் நாக்கை விட்டுப் போகவில்லை. சாயங்காலம் எல்லோரும் வந்தபோது மருந்து கொடுப்பது போல ஆளுக்கு ஒரு மூடி அளவு ஊற்றினோம். என் கணவர் மோந்து பார்த்துவிட்டு, "எங்க ஆத்தா செய்யற லேகியம் மாதிரி இருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து அது பாராட்டு. அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, அதனால் அரை மூடிதான். மிச்சத்தைக் கார்க்கால் மூடி, ஃப்ரிட்ஜ் கதவில், இட்லி மாவுக்குப் பக்கத்தில் வைத்தோம். இந்த வகை ஒயின் திறந்த பிறகும் வாரக்கணக்கில் தாங்கும். சாதாரணப் பழைய ஒயின் என்றால் அன்றைக்கே குடித்துவிட வேண்டும். ரொம்ப வயதானதை மணிக்கணக்கில் காற்றாடவிட்டாலே செத்துப்போகும்.

இப்போது பழைய பாட்டில் வேண்டும் என்றால் அத்தானிடம்தான் சொல்கிறேன். அவர் நிலவறையிலிருந்து எடுத்து, துணிக்கு நடுவே சுற்றி, செக்-இன் பெட்டியில் கொண்டுவருகிறார். ஒரு ஆளுக்கு 2 லிட்டர் வரை சுங்க வரி இல்லை, அதாவது 750 மில்லி பாட்டில் இரண்டு. வந்ததும் ஃப்ரிட்ஜில் ஒரு மாதம் அசையாமல் படுக்க வைக்கிறேன், கோடைக்கு முன்னால் குடித்துவிடுகிறோம். உள்ளூரில் வாங்கினால், ஏசி நாள் முழுக்க ஓடுகிற கடையில், வாசல் வெயிலும் ட்யூப்லைட்டும் படாத அடுக்கிலிருந்து, புதிய வருஷமாகப் பார்த்து எடுக்கிறேன். ஷோகேசில் நிற்க வைத்த ஷாம்பெயினை யார் தலையில் கட்டினாலும் வாங்குவதில்லை.

போன மாதம் தரகர் மறுபடி போன் செய்தார். முத்தியால்பேட்டையில் இன்னொரு வீடு, ஆறு பாட்டில். "எந்த ரூம்ல இருக்கு?" என்றேன். "கீழ் ரூம்தான் மேடம், கெணத்துப் பக்கம், எப்பவும் சில்லுன்னு இருக்கும்" என்றார். கிணற்றுப் பக்கம் என்றதும் ஒரு நிமிஷம் மனம் ஆடியது உண்மை. சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு போனேன். ஆறில் நாலு தோளுக்குக் கீழே, ஒன்று ஒழுகியது, ஒன்று வெறும் பாட்டில். அந்த வீட்டு அம்மா கிணற்றுத் தண்ணீர் ஒரு சொம்பு கொடுத்தார்கள். வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன்.